திருகோணமலை என்ற கப்பலும் தூக்கிலிடப்பட்ட குரங்கும்: ஹாட்லிபூலில் பார்க்க வேண்டியவை



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் எம்மவர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போவது?" என்பதுதான். பிளக்பூலுக்குப் போய் அலுத்துவிட்டது, தீம் பார்க்கிற்கு நாலு பேர் போனால் பணப்பை காலியாகிவிடும் என்று சொல்பவர்களுக்காக இந்த மாத உரையில் ஒரு சிறிய ஊரைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நியூகாசிலுக்குத் தெற்கே, வட கடலைப் பார்த்தபடி இருக்கும் ஹாட்லிபூல். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே சுமார் 92,000 பேர் வாழ்கிறார்கள். சுற்றுலாப் புத்தகங்களில் இந்த ஊருக்கு அதிக பக்கம் ஒதுக்குவதில்லை. ஆனால் எமது குடும்பங்கள் அங்கே போவதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. அந்த ஊரின் மிகப் பெரிய காட்சிப் பொருளின் பெயர் 'திருகோணமலை'.

நான் தொழிலால் கணக்காளன். ஓர் இடத்துக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, கணக்கில் யாருடைய பெயர் ஏறியிருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. ஹாட்லிபூலை அந்தக் கண்ணோடுதான் உங்களுக்குக் காட்டப் போகிறேன்.

எங்கள் ஊரின் பெயர் கொண்ட கப்பல்

துறைமுகப் பக்கத்தில் பழைய காலத்துக் கடைத்தெரு போல அமைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் நடுவே தண்ணீரில் மூன்று பாய்மரங்களோடு மிதக்கிறது எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஆங்கிலேயர் வாயில் திருகோணமலை அப்படித்தான் ஆனது. பிரித்தானியாவில் இன்னும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. போர்ட்ஸ்மத்தில் இருக்கும் விக்ரரி இதைவிட வயதில் மூத்ததுதான், ஆனால் அது தரையேற்றி வைக்கப்பட்டுள்ளது.

இந்தக் கப்பல் இங்கிலாந்தில் கட்டப்பட்டதல்ல. நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில், 1812இல், கடற்படை இதைக் கட்ட உத்தரவிட்டது. அந்நாளில் இங்கிலாந்தில் நல்ல ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. மலபார்க் காடுகளின் தேக்கோ உப்பு நீரையும் புழுவையும் தாங்கக்கூடியது. எனவே வேலை பம்பாய்க்குப் போயிற்று. அங்கே வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டி வந்தார்கள். ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில் 1816 ஏப்பிரலில் அடிமரம் வைக்கப்பட்டது. பார்சி மரபுப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டது. கப்பல் கடலில் இறங்கியது 1817 ஒக்ரோபர் 12ஆம் நாள்.

வேலை தாமதமானதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. கப்பலின் வரைபடங்களை ஏற்றிச் சென்ற ஜாவா என்ற கப்பல், 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பல் ஒன்றிடம் தோற்று அழிந்தது. மறுபடி பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குள் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனின் கதை முடிந்துவிட்டது. கணக்காளர் மொழியில் சொன்னால், தேவை தீர்ந்த பின் வந்து சேர்ந்த சரக்கு இது. 1819இல் போர்ட்ஸ்மத்துக்கு வந்து, 1840களின் நடுப்பகுதி வரை சும்மா கிடந்தது. பிறகு மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா, பசிபிக் என்று இரண்டு முறை கடமைக்குப் போய் வந்தது. எந்தக் கடற்போரிலும் இது சண்டையிட்டதில்லை. 1860களிலும் 70களிலும் இதே ஹாட்லிபூலில் கடற்படைப் பயிற்சிக் கப்பலாக நின்றது.

சரி, திருகோணமலை என்ற பெயர் எப்படி வந்தது? பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது ஒரு சண்டை. 1782இல் மட்டும் திருகோணமலையில் மூன்று கொடிகள் பறந்தன. ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தருடையது. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி அதைக் கைப்பற்றினார். செப்டம்பர் 3ஆம் நாள் ஆங்கிலத் தளபதி எட்வேர்ட் ஹியூஸின் கப்பல்களும் சுஃப்ரெனின் கப்பல்களும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. யாரும் முழுதாக வெல்லவில்லை. இதே இருவர் அந்த ஒன்றரை ஆண்டுக்குள் சதுரங்கப்பட்டினம், நாகபட்டினம், கடலூர் என்று எமது கரையோரம் முழுவதும் சண்டையிட்டார்கள். அடுத்த ஆண்டு சமாதான உடன்படிக்கையில் திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தர் கைக்கே போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தார்கள். அவர்களின் கடற்படைத் தளம் அங்கிருந்து வெளியேறியது 1957இல்தான், அதாவது சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டுகளின் பின்.

நான் மகளோடு அந்தத் தளத்தில் நின்றபோது அவள் கேட்டாள், "அப்பா, இது எங்கட கப்பலா?" "பேர் எங்கட. மரம் மலையாளத்தார்ட காட்டு மரம். கட்டினது பம்பாய் ஆக்கள். உடைமை இவையள்ட" என்றேன். "அப்ப எங்கட ஆக்கள் எங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அந்தச் சண்டைகளைப் பற்றி நான் வாசித்தவற்றில் தளபதிகளின் பெயர் உண்டு, கப்பல்களின் பெயர் உண்டு, பீரங்கிகளின் எண்ணிக்கையும் உண்டு. கொடி மாறிய ஒவ்வொரு தடவையும் துறைமுகத்தைச் சுற்றியிருந்த குடிகள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. பேரேட்டில் ஊரின் பெயர் தலைப்பாக இருக்கிறது. உள்ளே ஊரவர் யாரும் இல்லை.

கப்பலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் மரச்சிற்பம் இருக்கிறது. கிழக்கத்தைய மனிதர் ஒருவரை இங்குள்ள சிற்பி கற்பனை செய்த விதம் அது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, "திருகோணமலையில் அம்மப்பா இப்படியா இருந்தவர்?" என்று கேளுங்கள். பேச்சு தானாகவே தொடங்கும்.

மேட்டு முனையில் ஒரு காலை நேரம்

கப்பலைப் பார்த்த பின் நேரம் இருந்தால் பழைய ஊருக்குப் போங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அது. காரில் பத்து நிமிடம். அங்கேதான் ஹாட்லிபூல் பிறந்தது. ஏழாம் நூற்றாண்டில், 640ஐ அண்டி, ஓர் ஐரியப் பெண் துறவி அங்கே மடம் அமைத்தார். அவருக்குப் பின் 649இல் தலைமை ஏற்றவர் ஹில்டா. ஆண்களும் பெண்களும் வாழ்ந்த அந்த மடத்தை ஒரு பெண் நிர்வகித்தார் என்பதைப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1833இல் வீடு கட்ட நிலம் தோண்டியபோது அந்த மடத்தவரின் கல்லறைகளும், பெயர் பொறித்த சிறு கற்களும் வெளிப்பட்டன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் இருந்தும் பெயர் அழியவில்லை. ஹில்டாவின் பெயரில் நிற்கும் தேவாலயம் சுமார் 800 ஆண்டு பழையது. அதற்குக் கீழே கடற்கரையோரம், ஸ்கொட்லாந்துப் படைகளுக்கு அஞ்சி எழுப்பிய மதிற்சுவரும், அதில் சாண்ட்வெல் வாசல் என்ற ஒடுங்கிய வளைவும் இன்னும் இருக்கின்றன. வாசல் வழியே நேரே மணலுக்கு இறங்கலாம்.

முனையின் நுனியில் ஹியூ பீரங்கித் தளம் இருக்கிறது. தொண்டர்கள் அதை அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். 1914 டிசம்பர் 16ஆம் நாள் காலை எட்டு மணி கடந்து பத்து நிமிடம். வேலைக்குப் போகிறவர்கள் வீதியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம். சைட்லிற்ஸ், மோல்ற்கே, புளூக்கர் என்ற மூன்று ஜேர்மன் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து சுடத் தொடங்கின. சுமார் நாற்பது நிமிடத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஷெல்கள் ஊரில் விழுந்தன. கரையில் இருந்தவை மூன்றே மூன்று பீரங்கிகள். அவை 123 முறை திருப்பிச் சுட்டன. அந்த ஒரு காலையில் நூற்றுக்கும் அதிகமானோர் ஊரில் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். இராணுவத்தில் சேர்ந்திருந்த ஆசிரியர் தியோபிலஸ் ஜோன்ஸ், முதலாம் உலகப் போரில் பிரித்தானிய மண்ணில் எதிரியால் கொல்லப்பட்ட முதல் படைவீரர் என்று நினைவுகூரப்படுகிறார்.

எமது நேயர்களுக்கு ஷெல் என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. பங்கருக்குள் இருந்து எண்ணிய தலைமுறை நாம். ஆனால் அந்த இடத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. முதல் ஷெல் விழுந்த இடத்தில், விழுந்த நேரத்தோடு ஒரு பலகை இருக்கிறது. இறந்தவர்களின் பெயர், வயது, தெரு எல்லாம் ஊரவர்கள் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிட ஷெல்லடிக்கு ஒரு நூற்றாண்டு கடந்தும் கணக்கு வைத்திருக்கிறார்கள். எம்மில் எத்தனை ஊர்களிடம், எத்தனை தெருக்களிடம் அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது? தொகை எத்தனை என்று வாதிட்டுக்கொண்டே இருக்கிறோம். தொகை என்பது கடைசி வரி. அதற்கு மேலே ஒவ்வொரு பெயரும் ஒரு வரியாக இருந்தால்தான் கடைசி வரியை எவரும் மறுக்க முடியாது. இதைக் கணக்குப் படித்த முதல் ஆண்டிலேயே சொல்லித் தருவார்கள்.

பேசத் தெரியாத கைதி

இனி ஹாட்லிபூல் என்றதும் இந்த நாட்டவர் எல்லாருக்கும் நினைவு வரும் கதை. நெப்போலியன் காலத்தில் புயலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைக்கு அப்பால் மூழ்கியதாம். உயிரோடு கரை ஒதுங்கியது ஒரே ஒரு குரங்கு. கப்பலில் விளையாட்டுக்காக அதற்குச் சீருடை அணிவித்திருந்தார்கள். ஊர் மீனவர்கள் குரங்கையும் கண்டதில்லை, பிரெஞ்சுக்காரரையும் கண்டதில்லை. கடற்கரையிலேயே விசாரணை வைத்தார்கள். கேட்ட கேள்விகளுக்கு விளங்கக்கூடிய பதில் வரவில்லை. ஆகவே இது பிரெஞ்சு உளவாளிதான் என்று தீர்மானித்து, படகின் பாய்மரத்தில் தூக்கிலிட்டார்கள்.

நடந்ததா? நடந்ததற்கு ஆதாரம் இல்லை. நியூகாசில் பக்கத்துப் பாடகர் நெட் கோர்வன் 1850களில் மேடையில் பாடிய நகைச்சுவைப் பாட்டு ஒன்றோடுதான் இந்தக் கதை ஊரோடு ஒட்டிக்கொண்டது. இதே போன்ற கதை பிரித்தானியாவின் வேறு கரையோர ஊர்களைப் பற்றியும் சொல்லப்படுகிறது. அயலூர்க்காரர் நீண்ட காலம் "குரங்கைத் தூக்கிலிட்டது யார்?" என்று கேட்டு ஹாட்லிபூல்காரரைச் சீண்டினார்கள்.

பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு மட்டும் இந்தக் கதையில் வேறொரு அறை தெரிகிறது. தொண்ணூறுகளில் அகதி விண்ணப்ப விசாரணைகளுக்கு நான் சில தடவை மொழிபெயர்ப்பாளனாகப் போயிருக்கிறேன். ஒரு முதியவரிடம், எந்தத் திகதியில் வீட்டை விட்டுப் புறப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். "பங்குனி கடைசி, அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் கிழமை" என்றார். அவருக்கு அதைவிடத் துல்லியமான திகதி இல்லை. நான் அப்படியே சொன்னேன். கேட்டவர் தாளில் எழுதியது, திகதி தெரியவில்லை என்று. கெட்ட மனிதர் அல்லர் அவர். மேசையின் இரு பக்கத்திலும் இருந்தவர்கள் வெவ்வேறு நாட்காட்டியில் வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். விளங்காத பதிலைப் பதில் இல்லை என்று எழுதுவது பயந்துபோன ஒரு கடற்கரைக்கு மட்டும் உரிய பழக்கமல்ல.

இந்தப் பழிப்புக் கதையை அந்த ஊரார் என்ன செய்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. மறைக்கவில்லை. தமது உதைபந்தாட்டக் கழகத்துக்குக் குரங்கு வேடத்தையே சின்னமாக்கினார்கள். அந்த வேடத்துக்குள் இருந்த இளைஞர் ஸ்ருவேர்ட் டிரமண்ட் 2002இல் நகரபிதாத் தேர்தலில் நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இலவசம் என்பது அவரது வாக்குறுதி. பகிடிக்கு நின்றவர் வென்றுவிட்டார். பிறகு 2005, 2009 என்று மேலும் இரண்டு முறை மக்கள் அவரையே தெரிந்தார்கள். பிறர் கொடுத்த பட்டப் பெயரைத் தமதாக்கிக்கொண்டால் அதன் முள் மழுங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 31ஆம் நாள் இரவு, சவுத்போட்டில் சிறுமிகள் கொல்லப்பட்ட துயரத்தை ஒட்டிப் பரவிய பொய்த் தகவல்களால், ஹாட்லிபூல் தெருக்களிலும் கலவரம் நடந்தது. பொலிஸ் வாகனம் எரிந்தது. வேற்று நிறத்தவரும் முஸ்லிம் மக்களும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். வந்திறங்கியவன் யார் என்று தெரியாமலே தீர்ப்பு எழுதுகிற பழக்கம் பழங்கதையில் மட்டும் இல்லை என்று அந்த இரவு காட்டியது. மறுநாள் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்தவர்களும் அதே ஊரார்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் சரியான கணக்கு.

வேலை போன ஊர் செய்த வேலை

இந்த ஊர் செல்வச் செழிப்பான ஊர் அல்ல. 1840களில் ரால்ப் வார்ட் ஜாக்சன் என்பவர் ரயில் பாதையும் கப்பல் துறையும் அமைத்து மேற்கு ஹாட்லிபூலை உருவாக்கினார். நிலக்கரியும் மரமும் கப்பல் கட்டும் தொழிலும் அதை வளர்த்தன. பழைய ஊரும் புதிய ஊரும் 1967இல்தான் ஒன்றாயின. அதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், வில்லியம் கிறே கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டுவிட்டது. 70களில் உருக்குத் தொழிலும் சரிந்தது. கைத்தொழில் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நின்றார்கள்.

அந்த வேளையில், 1979இல், வாரியர் என்ற பழைய இரும்புப் போர்க்கப்பல் திருத்தத்துக்காக இந்தத் துறைக்கு வந்தது. எட்டு ஆண்டு வேலை. 1987இல் அது புதுப்பொலிவோடு போர்ட்ஸ்மத்துக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு வந்து சேர்ந்ததுதான் எங்கள் திருகோணமலை. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, வீற்லி கொப் என்ற தனவந்தரால் காப்பாற்றப்பட்டு, ஃபூட்ரொயன் என்று பெயர் மாற்றி 1986 வரை இளைஞர் பயிற்சிக்குப் பயன்பட்ட கப்பல் அது. 1992இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. 2001இல் திருத்த வேலை முடிந்தது. செலவு ஒரு கோடி பவுணுக்குச் சற்று அதிகம். பாதிக்கும் மேற்பட்ட மரம் இன்னும் பம்பாயில் அறைந்த அதே தேக்கு. 1994இல் சுற்றிலும் அருங்காட்சியகம் திறந்தது. 2016 முதல் அது கடற்படை தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. 2010இலும் 2023இலும் உலகப் பாய்க்கப்பல்கள் இங்கே கூடின.

ஒரு கப்பலால் மூடிய தொழிற்சாலைகளுக்கு ஈடுகட்ட முடியாது. அப்படிச் சொல்வது பொய்க்கணக்கு. ஆனால் வேலை போன ஓர் ஊர், தன் கையில் மிஞ்சிய தொழிலையும் தன் பழைய நினைவையும் மூலதனமாகப் போட்டது என்பது உண்மை. நாமும் ஊரை இழந்து வந்தவர்கள். கையில் மிஞ்சியது என்ன, அதை எங்கே பதிந்து வைத்திருக்கிறோம் என்பது எமக்கும் உள்ள கேள்வி.

போவது எப்படி

லண்டன் கிங்ஸ் குறொஸிலிருந்து நேரடி ரயில் உண்டு, சுமார் மூன்று மணித்தியாலம். நிலையத்திலிருந்து கப்பலுக்கு நடந்தே போகலாம். உள்ளே தட்டுகள் தாழ்வானவை, உயரமான பிள்ளைகள் தலை கவனம். ஏணிப்படிகள் செங்குத்தானவை, முழங்கால் நோவு உள்ள பெரியவர்கள் மேல்தளத்தோடு நிற்பது நல்லது. மேட்டு முனையில் காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஜக்கெற் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அண்டி கப் என்ற சித்திரக்கதை நாயகனின் சிலையும் இருக்கிறது. அவரை வரைந்த ரெக் ஸ்மைத் இந்த ஊரில் பிறந்தவர்.

போவதற்கு முதல் நாள் இன்னொரு காரியம் செய்யுங்கள். வீட்டில் அல்லது தொலைபேசியில் எட்டும் தூரத்தில் திருகோணமலையை அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். கோணேசர் மலையடி, கன்னியா வெந்நீர் ஊற்று, உட்துறைமுகம், தாம் இருந்த தெரு, அயலில் இருந்த குடும்பங்கள் என்று அவர் சொல்வதைப் பிள்ளைகளே கைத்தொலைபேசியில் பதியட்டும். பெயர்களை முழுப் பெயராகக் கேட்டுப் பதியுங்கள். பத்து நிமிடம் போதும். அந்தப் பதிவை எமது நிலையத்துக்குத் தந்தால் ஞாயிறு நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம். இப்போதைக்கு எம்மிடம் இருப்பது ஏழு பதிவுகள். எட்டாவது உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.